பெட்டியின் வலது பக்கம்

உட்காருங்கள். 3C தானே? வீடு பார்க்கத்தானே? சாவி வரும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தீர்களா? போனிலா? சரி. ஒன்றுமில்லை, கேட்டேன்.

நான் 3D. எதிர் வீடு. ஞானசிகாமணி. இந்தக் கட்டடத்தின் செயலாளர். முன்னாள் என்று சேர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை.

வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்கிறீர்கள். திருச்சியில் வெயில் ஏறாத நேரம் ஏது? உட்காருங்கள். நீங்கள் குடியிருக்க நினைக்கிற வீட்டில் யார் இருந்தது என்று தெரிய வேண்டாமா? மித்ரா என்று ஒரு பெண். முழுப் பெயர் சங்கமித்ரா. வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை. எனக்குப் பதவி போனது அந்தப் பெண்ணால்தான். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

இதோ, லிஃப்ட் பக்கத்தில் பலகை தெரிகிறதே. அதில்தான் என் சுற்றறிக்கைகளை ஒட்டுவேன். அரசாங்க ஆபீஸில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். நோட்டீஸ் என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. நோட்டீஸ் மளிகைக் கடைக்காரன் போடுவது. நான் போடுவது சுற்றறிக்கை.

யாரும் படிக்கவில்லை என்றார்கள். கிழித்துப் பல் குத்துகிறார்கள் என்று என் வீட்டம்மாள் சரோஜினி சொன்னாள். அப்போதுதான் இந்தப் பெண் வந்து, "அங்கிள், நான் ஒரு ஆப் பண்ணித் தரேன். எல்லாரும் போன்ல படிச்சுக்கலாம்" என்றது. காசு வேண்டாம் என்றது. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆப் வந்தது. அதில் நாம் சாதாரணமாக எழுதினால் போதும். ஒரு வார்த்தைக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டால் அது தடித்த எழுத்தாகிவிடும். வரிக்கு முன்னால் ஹாஷ் என்கிற வேலிக்குறி போட்டால் பெரிய தலைப்பு. இன்னொரு குறி போட்டால் மஞ்சள் பெட்டிக்குள் மணி படத்தோடு வரும். 'இங்கே எழுதறது சும்மா எழுத்து. அதுக்குச் சட்டை மாட்டி அனுப்பறது என் வேலை' என்றது அந்தப் பெண். ஒவ்வொரு சட்டைக்கும் காம்பொனென்ட் என்று பெயராம்.

ஒரே வாரத்தில் கட்டடமே வளையல் கடை மாதிரி ஆகிவிட்டது. 2B அம்மாள் மாவு அரைத்து விற்கிறாள். அந்த விலை விவரம் ரோஸ் பெட்டியில் வருகிறது. பொருளாளர் வெங்கடசுப்பு, 1A, ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், தன் செருப்பைக் காணோம் என்று எழுதினான். ஒரு செருப்பு. அதற்கு நீலக் கரை போட்டு, மூலை வளைத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது.

அடுத்து என் சுற்றறிக்கை வந்தது. கறுப்புப் பெட்டி. அதற்குள் வெள்ளையாகக் குச்சி குச்சியாக எழுத்து. செத்துப்போனவனுக்குக்கூட இதைவிட நல்லதாகப் போடுவார்கள்.

நேரே 3C கதவைத் தட்டினேன்.

"என்னம்மா இது? செருப்புக்கு நீலம், செயலாளருக்குக் கறுப்பா?"

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தது. சிரித்தது. "அங்கிள், நீங்க பத்திக்கு முன்னாடி ஸ்பேஸ் விடறீங்க."

"அஞ்சு இடம் விடணும். அதுதான் முறை."

"நாலுக்கு மேல விட்டா ஆப் அதை ப்ரோகிராம்னு நினைச்சுக்கும். ப்ரோகிராமை யாரும் மாத்தக்கூடாது இல்லையா, அதனால உள்ளதை உள்ளபடி கறுப்புப் பெட்டியில வச்சுடும்."

"நான் எழுதினது சாக்கடை அடைப்பைப் பத்தி. அது ப்ரோகிராமா?"

"இல்ல அங்கிள். ஆனா அதுக்குத் தெரியாதே. நீங்க ஸ்பேஸ் விடாம எழுதுங்க, அழகா வரும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஐந்து இடம் விடாமல் பத்தி ஆரம்பித்த கடிதங்களை நான் ஆபீஸில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு செயற்பொறியாளர் கடிதத்தையே திருப்பி அனுப்பினேன். என்னை மாற்றல் செய்தார்கள். போனேன். அங்கேயும் ஐந்து இடம்தான். இப்போது ஒரு ஆப்புக்காக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எழுத வேண்டுமா?

"விடமாட்டேன்" என்றேன்.

"எதை?"

"இடம் விடறதை விடமாட்டேன்."

"சரி, இன்னொண்ணு. அந்தப் பெட்டியில வரி மடங்காது. போன்ல பாதிதான் தெரியும். விரலால தள்ளினாத்தான் மீதி வரும். யாரும் தள்ளமாட்டாங்க."

"பெரிய போனா வாங்கச் சொல்லு."

வந்துவிட்டேன். என் வீட்டில் பையன் விட்டுப்போன பெரிய கம்ப்யூட்டர். அதில் முழு வரியும் தெரியும். எனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்றுதானே நினைப்பேன்? நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். தலையாட்டாதீர்கள், பதில் சொல்லுங்கள். சரி, வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். அந்தச் சில மாதம் கட்டடத்தில் சண்டையே இல்லை. அதற்கு முன்னால் நான் பலகையில் ஒட்டினால் சாயங்காலமே யாராவது வந்து நிற்பான். "என்ன சார், என் வீட்டைப் பேர் போட்டு எழுதியிருக்கீங்க?" என்பான். ஆப் வந்தபிறகு ஒருத்தன் வரவில்லை. எதிரே வந்தால் வணக்கம் சொன்னார்கள். 2B அம்மாள் ஒரு கிண்ணத்தில் மாவு கொடுத்தாள், காசு வாங்காமல். ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று சரோஜினியிடம் சொன்னேன். "இல்ல, உங்க எழுத்துலதான் ஏதோ குறைஞ்சிருக்கு" என்றாள். அவள் அப்படித்தான்.

பிறகு பொதுக்குழு வந்தது. செயலாளர் தேர்தல். நான்தான் எப்போதும். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. இந்தத் தடவை வெங்கடசுப்புவுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு அந்தச் சமயத்தில் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. கன்னம் வீங்கி, இரண்டு நாள் கீழே வரவில்லை. அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஞானசிகாமணிக்கு உடம்பு முடியவில்லை, பதவியை விடப்போகிறார். கிளப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1A.

விடுவேனா? வீங்கின கன்னத்தோடு உட்கார்ந்து அடித்தேன். ஐந்து இடம் விட்டு அடித்தேன். வாசகம் இதுதான், எனக்கு மனப்பாடம்:

'உடல்நிலை சரியில்லாமல் பதவி விலகுகிறேன் என்று சில அற்பர்கள் பரப்பிவரும் செய்தி அப்பட்டமான பொய் என்பதையும், பல் போனதே தவிரக் கடிக்கும் சக்தி போகவில்லை என்பதையும் சம்பந்தப்பட்டவர்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.'

எப்படி இருக்கிறது? சிரியுங்கள், பரவாயில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள் கொண்டு வந்தார்கள். சாத்துக்குடி கொண்டு வந்தார்கள். ஹார்லிக்ஸ் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்றார்கள். 2B அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்தான் வாக்காளருக்குக் கொடுப்பது வழக்கம். இங்கே தலைகீழ். அவ்வளவு செல்வாக்கு எனக்கு என்று நினைத்தேன். "வெங்கடசுப்பு டெபாசிட் காலி" என்று சரோஜினியிடம் சொன்னேன். அவள் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே, "இவங்க பார்க்கற பார்வை ஓட்டுப் போடற பார்வையா தெரியலியே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. இதோ இந்த பார்க்கிங்கில்தான் கூட்டம். கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் வைத்திருந்தான் வெங்கடசுப்பு. என்னை முன்னால் உட்காரவைத்தான். பொன்னாடை எடுத்துப் போர்த்தினான். கைதட்டு. நான் எழுந்து பேசினேன். "உங்கள் அன்பு என்னை இன்னும் பல்லாண்டு உழைக்கத் தூண்டுகிறது" என்றேன். மறுபடி கைதட்டு. சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெங்கடசுப்பு மைக்கை வாங்கினான். "சார் மனசு பெருசு. உடம்பு ஒத்துழைக்காத நிலையிலும் உழைக்கணுங்கிறார். ஆனா நாம அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது. அவர் விருப்பப்படியே விலக விட்டுடுவோம். புதுச் செயலாளரா என் பேரை நானே..." என்றான்.

எனக்குப் புரியவில்லை. "யார் விருப்பம்?" என்றேன்.

"உங்க விருப்பம்தான் சார். நீங்கதானே எழுதினீங்க."

"நான் எங்கேடா எழுதினேன்?"

போனைக் காட்டினான். கறுப்புப் பெட்டி. அதில், 'உடல்நிலை சரியில்லாமல் பதவி விலகுகிறேன்'. அதோடு பெட்டி முடிந்துவிட்டது. என் எழுத்துத்தான், என் வாசகம்தான். நான் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மைக்குக்கு முன்னால் நிற்கிறேன். கன்னம் வேறு விண் விண்ணென்று தெறிக்கிறது.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்தது. கடைசி வரிசை. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து, "அங்கிள் ராஜினாமா பண்ணலை. பெட்டியைத் தள்ளிப் பாருங்க. மீதி வலது பக்கம் இருக்கு" என்றது.

எல்லாரும் குனிந்து போனைத் தள்ளினார்கள். பிறகு ஒருத்தர் படித்தார். இன்னொருத்தர் 'பல் போனதே தவிர' என்று உரக்கப் படித்துச் சிரித்தார். நான் நிமிர்ந்து நின்றேன். உண்மை வெளியே வந்துவிட்டது. ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர்கள். நிறுத்தவில்லை. விரல் ருசி கண்டுவிட்டது. அடுத்த பெட்டியைத் தள்ளினார்கள். அதற்கு முந்தியதையும். சாக்கடை அடைப்புவரை போய்விட்டார்கள்.

'துணி காயப்போடுவோர் சொந்த கிளிப் கொண்டுவரவும்' என்று ஒன்று. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். வலது பக்கம், '2B குடும்பத்தார் ஊரார் கிளிப்பிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள்' என்று இருக்கும்.

'மாடிச் செடிக்குக் கவனமாகத் தண்ணீர் ஊற்றவும்.' வலது பக்கம், 'கீழே நடப்பவர்களும் மனிதர்களே, வெங்கடசுப்பு உட்பட.'

'லிஃப்ட் கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும்.' வலது பக்கம்... அதை விடுங்கள். அது ஒரு டாக்டர் குடும்பத்தைப் பற்றியது, அவர்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். 2B அம்மாள், "நான் மாவு கொடுத்தேனே" என்றாள். இதிலே என்ன குற்றம்? நான் எழுதியது அத்தனையும் உண்மை. கிளிப் விஷயம் சரோஜினிக்கும் தெரியும்.

வாக்கெடுப்பு நடந்தது. கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கை. ஒன்று அந்தப் பெண்ணுடையது. இன்னொன்று சரோஜினியுடையது. சரோஜினிகூட கொஞ்சம் யோசித்துத்தான் தூக்கினாள். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மட்டும் நாகரிகம்.

பாருங்கள். அந்தப் பெண் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? பொன்னாடை, ஆப்பிள், மரியாதை, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பியிருப்பார்கள். அதைக் கெடுத்தது யார்?

என்ன? பதவி எப்படியும் போயிருக்குமா? நீங்கள் எந்தப் பக்கம்?

அன்றைக்குச் சாயங்காலம் லேப்டாப்போடு வந்தது. சரோஜினி காபி கொடுத்தாள். முதலில் அதுதான் பேசியது.

"ஸாரி அங்கிள். நீங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்துட்டு என்னால உட்கார முடியல."

"வலது பக்கம் இருக்கிறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்து தள்ளித்தான் படிக்கிறேன். காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுதான். எங்க டீம்ல எல்லாருக்கும் இங்கிலீஷ்ல சொல்லுவேன். கிளிப் ஜோக்கை அவங்க இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க."

"ஜோக்கா?"

"இல்ல... சுற்றறிக்கை."

"மத்தவங்களுக்கு ஏன் சொல்லல? தள்ளிப் படிங்கன்னு?"

"சொல்லியிருந்தா உங்களை அப்பவே தூக்கியிருப்பாங்க அங்கிள்."

கேட்டுக்கொண்டீர்களா? எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தது. "இப்ப சரி பண்ணிட்டேன். நீங்க அஞ்சு இடம் விடலாம். பத்தி மாதிரியே உள்ளே தள்ளி வரும். வெள்ளைப் பெட்டி. வரி மடங்கும். போன்ல முழுசா தெரியும்" என்றது. காட்டியது. அழகாகத்தான் இருந்தது. ஆபீஸ் கடிதம் மாதிரி.

"எடு" என்றேன்.

"எதை?"

"இதை. பழையபடி கறுப்பையே வை. மடங்கக்கூடாது."

"ஏன் அங்கிள்?"

"இப்பத்தான் எல்லாரும் தள்ளிப் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க."

அது சிரித்த சிரிப்பில் சரோஜினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஏதோ அடித்தது. "அப்ப இது பொது ரூல் இல்லை. உங்களுக்கு மட்டும் தனி காம்பொனென்ட். உங்க பேரையே வச்சுட்டேன், பாருங்க" என்றது.

பார்த்தேன். அந்த ப்ரோகிராமுக்குள் இங்கிலீஷில் என் பெயர். ஞானசிகாமணி பெட்டி என்று ஒட்டி எழுதியிருந்தது.

"நடுவில இடம் விடணும்" என்றேன்.

"விட்டா வேலை செய்யாது அங்கிள்."

அந்த ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். என் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. சரோஜினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி இல்லை என்றாள். போய் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

இப்போது நான் செயலாளர் இல்லை. ஆனால் குடியிருப்பவன் என்ற முறையில் எழுத உரிமை உண்டு. தினமும் எழுதுகிறேன். வெங்கடசுப்புவின் நோட்டீஸ் நீலக் கரையோடு வரும், யாரும் திறப்பதில்லை. என் கறுப்புப் பெட்டியை எல்லாரும் தள்ளுகிறார்கள். யார் வீட்டைப் பற்றி என்று பார்க்கத்தான். திட்டிக்கொண்டே தள்ளுகிறார்கள். யார் படித்தார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் பெயர் வரும். முதல் பெயர் எப்போதும் சங்கமித்ரா.

ஆமாம், அந்தப் பெண் புனே போய்விட்டது. கம்பெனி கூப்பிட்டது. வீடு அதன் அப்பாவுடையது, வாடகைக்கு விடச் சொல்லிவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னது, "அங்கே பிடிக்கலைன்னா மார்ச்ல வந்துடுவேன் அங்கிள். வீடு காலியா இருந்தா இங்கேயே. இல்லன்னா வேற பார்த்துக்கணும்." நான் சரி என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். தண்ணீர் சுமார். மேற்கு வெயில் படுக்கையறைச் சுவரைச் சுட்டு எடுக்கும். மேல் வீட்டுப் பையன் மிருதங்கம் கற்கிறான், இன்னும் முதல் பாடத்திலேயே இருக்கிறான். எதிர் வீட்டுக்காரன் நான். உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன். மறைத்துப் பழக்கம் இல்லை எனக்கு.

சாவியா? மறுபடி அதையே கேட்கிறீர்கள். போனை எடுங்கள். எங்கள் ஆப்பிலிருந்து உங்களுக்கு வந்த அந்த விளம்பரத்தைத் திறங்கள். யார் எழுதியது? நான்தான். அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம்தான் பொறுப்பு கொடுத்தார். கறுப்புப் பெட்டி தெரிகிறதா? என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்.

'3C வீடு வாடகைக்கு உள்ளது, நேரில் வரவும்.'

சரி. இப்போது விரலை வைத்துத் தள்ளுங்கள். அப்படியில்லை. இடது பக்கம் தள்ளினால்தான் வலது பக்கம் வரும். வந்துவிட்டதா? படியுங்கள், உரக்க.

'சாவி எதிர் வீட்டு ஞானசிகாமணியிடம் உள்ளது. கேட்டால் கொடுப்பார்.'

இதோ, சட்டைப் பையில்தான். நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறது. உள்ளே வந்ததும் நான் என் பெயரைச் சொன்னேனா இல்லையா? வீட்டு எண்ணும் சொன்னேன். பாதி படித்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறீர்கள். இப்படிப்பட்டவர் எதிர் வீட்டுக்கு வந்தால் நாளைக்கு நான் எழுதுவதை எப்படிப் படிப்பீர்கள்?

கோபப்படாதீர்கள். இன்றைக்கு நாள் சரியில்லை. மார்ச்சுக்கு மேலே வாருங்கள். அப்போது கேளுங்கள், கொடுக்கிறேனா இல்லையா பார்க்கலாம்.

நான் மேலே போய் எழுத வேண்டும். '3C வீட்டைப் பார்க்க இன்று ஒருவர் வந்தார், பிடிக்கவில்லை.' அவ்வளவுதான். உங்களுக்குப் பிடிக்கவில்லையா எனக்குப் பிடிக்கவில்லையா என்று ஏன் விளக்கமாகச் சொல்ல வேண்டும்?

வலது பக்கமா? அதில் என்ன எழுதுவேன் என்பது உங்களுக்கு எதற்கு? அது புனேக்கு.

கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள். சத்தமில்லாமல்.